கல்லும் தறியும் ஏடும்: காஞ்சி விலங்குருவங்களும் சிறுவர் படநூலும்

சிறுவர்க்கென எழுந்த படநூல், அதிலும் விலங்குகள் சட்டை அணிந்தும் இருகாலில் நடந்தும் மக்களைப் போல் பேசியும் வரும் படநூல், மேனாட்டினர் நமக்கு அளித்த கொடை என்பது கற்றோரிடையே பொதுவாக வழங்கும் கருத்தாகும். அக்கருத்துக்குச் சான்று இல்லாமல் இல்லை. 1865ஆம் ஆண்டில் வெளிவந்த ஆலிசு என்னும் சிறுமியின் கதைக்குத் தென்னியல் என்பார் வரைந்த வெண்முயல், சட்டைப்பையிலிருந்த கடிகாரத்தை எடுத்து நோக்கிப் பதறிற்று. 1902இல் பீட்டிரிக்சு பாட்டர் என்னும் அம்மையார் நீலச்சட்டை உடுத்த முயற்குட்டியொன்றின் கதையைத் தாமே எழுதித் தாமே படமும் தீட்டி இலண்டனில் வெளிப்படுத்தினார். பம்பாயிற் பிறந்த கிப்ளிங், யானைக்குத் துதிக்கை நீண்ட கதை முதலியவற்றைத் தம் கைப்படங்களோடு பதிப்பித்ததும் அதே ஆண்டில்தான். தமிழில் இத்தகைய ஏடுகள் பெருகியது அதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்த பின்னரே ஆதலின், அவை வந்த வழி இதுவே எனக் கொள்ளுதல் எளிது.

எளிது என்பதனாலேயே அதனை ஒருமுறை ஐயுற்று நோக்குதல் வேண்டும். அச்சுப்பொறியும் வண்ண அச்சும் அயலவை என்பதில் ஐயமில்லை. ஆனால், விலங்கின் உருவத்தைக் கண்டு நகைத்தலும், படத்தின் அடியில் வரி எழுதிக் கதை சொல்லுதலும், ஒன்றன்பின் ஒன்றாகப் படங்களை நிரல்பட வைத்து நிகழ்ச்சியை நடத்திச் செல்லுதலும் அச்சுப்பொறியோடு கப்பலேறி வந்தவைதாமா? இவ்வினாவுக்கு விடை தேடிய யாம் சென்று நின்ற இடம் காஞ்சிமாநகர். ஆண்டுக் கண்டவற்றையும், அவற்றிலிருந்து யாம் கொண்ட கருத்தையும் இக்கட்டுரையில் உரைக்கப் புகுகின்றோம்.

காஞ்சியை ஆண்ட பல்லவர்களின் கடற்றுறை மாமல்லபுரம். 2019இல் செங்கற்பட்டு மாவட்டம் தனியே பிரிக்கப்படும்வரை அவ்வூர் காஞ்சிபுர மாவட்டத்ததாகவே இருந்தது. எனவே அதனைக் காஞ்சியின் புறக்கடையெனக் கொண்டு தொடங்குதல் தவறாகாது. அங்குள்ள பெரும்பாறைச் சிற்பத்தை அருச்சுனன் தவம் என்பாரும் உண்டு. பகீரதன் தவம் என்பாரும் உண்டு. முதலாம் நரசிம்மவர்மன் காலத்தது எனப் பலரும் கொள்ள, அவ்வூர்ச் சின்னங்கள் அனைத்தும் இராசசிம்மன் காலத்தனவே என்று நாகசாமி அவர்கள் 1962இல் எடுத்துரைத்த கருத்தும் அறிஞர் அறிந்ததே. அவ்வழக்குகளுள் யாம் புகவில்லை. எம் கண் சென்றது பேருருவ யானைகளின் அருகே நிற்கும் ஒரு பூனையின்மேல். அப்பூனை பின்கால்களில் நிமிர்ந்து, முன்கால்களைத் தலைக்குமேல் உயர்த்தித் தவஞ் செய்கின்றது. அதனைச் சுற்றி எலிகள். மேலே ஒற்றைக்காலில் நின்று கையுயர்த்தித் தவஞ் செய்யும் முனிவனின் நிலையைக் கீழே பூனை அப்படியே மேற்கொண்டிருக்கின்றது.

இக்கதை பாரதத்து உத்தியோக பருவத்தில் உள்ளது. கங்கைக் கரையில் கையுயர்த்தி நின்ற பூனையை நம்பி அடைக்கலம் புகுந்த எலிகள் ஒவ்வொன்றாய்க் குறைந்த கதையைத் துரியோதனன் பாண்டவர்க்குத் தூதாகச் சொல்லியனுப்புகின்றான். பஞ்சதந்திரத்தில் வழக்குத் தீர்க்க வந்த முயலையும் பறவையையும் பூனை விழுங்கும் கதையும் இதன் உறவே. மனுநூல் பொய்யொழுக்கத்தைப் பூனை நோன்பு என்றே பெயரிட்டு இகழ்கின்றது. நம் பேச்சு வழக்கிலுள்ள 'உருத்திராட்சப் பூனை'யை எல்லாரும் அறிவர். வள்ளுவர் இக்கருத்துக்குப் பூனையை நாடாமல், புலித்தோலுக்குள் புகுந்து பயிர் மேயும் ஆவினை நாடினார் என்பது ஈண்டு இடையே நினைவுகூரத் தக்கது.

இப்பூனையின்கண் யாம் கருதிப் பார்க்க வேண்டுவது ஒன்று உண்டு. அதற்கு ஆடையில்லை, உருத்திராட்சமும் இல்லை, சடையும் இல்லை. உடல் முழுவதும் பூனையுடலே. நிற்கும் நிலை ஒன்றே அதனை முனிவனாக்குகின்றது. அதனையே நகைப்புக்கும் இடமாக்குகின்றது. பாட்டர் அம்மையாரின் முயலுக்கு நீலச்சட்டையைக் களைந்துவிட்டால் அது வெறும் முயலாகிவிடும். அவர் கதையிலேயே அவ்வாறு நிகழ்கின்றது. மாமல்லைப் பூனைக்குக் களைவதற்கு ஒன்றுமில்லை. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகைக்கு நிலைக்களனாக நான்கினைக் கூறினார்: எள்ளலும் இளமையும் பேதைமையும் மடனும் அவை. பூனை எள்ளலின்பாற் படும். அதே பாறையில் பெரிய யானையின் கால்களுக்கிடையே நுழைந்து கிடக்கும் கன்றுகள் இளமையின்பாற் படும். பின்காலைத் தூக்கி மூக்கைச் சொறிந்துகொள்ளும் மான் ஒன்றும் அங்கே உண்டு. உலகமே கங்கையை நோக்கிக் கைகூப்பும் வேளையில் அதற்கு மூக்கு நமைக்கின்றது! அதனை மடன் என்பதா, இளமை என்பதா என யாம் நெடுநேரம் ஆராய்ந்து முடிவு காணாது திரும்பினோம்.

இவை சிறுவர்க்கென வெட்டப்பட்டவை என்று யாம் சொல்லவில்லை. அரசன் ஆணையால் அறக்கருத்தோடு எழுந்தவை அவை. ஆயினும் விலங்கின் மெய்ப்பாட்டைக் கொண்டே நகை விளைக்கும் கலை, ஏழாம் எட்டாம் நூற்றாண்டுகளிலேயே இந்நிலத்தில் முதிர்ந்திருந்தது என்பது தெளிவு.

இனி, படத்தொடர். காஞ்சியில் இரண்டாம் நந்திவர்மன் எடுத்த பரமேச்சுர விண்ணகரம், இன்று வைகுந்தப் பெருமாள் கோயில் என வழங்குகின்றது. அதன் சுற்றுமாளிகையில் அரிமாத் தூண்கள் வரிசையாய் நிற்க, சுவரெங்கும் பல்லவர் வரலாறு அடுக்கடுக்கான கட்டங்களில் புடைப்புருவமாகச் செதுக்கப்பட்டுள்ளது. அக்கட்டங்கள் சிலவற்றின் அடியில் நிகழ்ச்சியை விளக்கும் கல்வெட்டு வரிகளும் உள. இவற்றை முறைப்படுத்தி ஆராய்ந்த மீனாட்சி அம்மையாரின் நூல், அவர் மறைந்த மறு ஆண்டாகிய 1941இல் தொல்பொருள் துறை வெளியீடாக வந்தது. படம் மேலே, வரி கீழே, கதை தொடர்ச்சி. படநூலின் இலக்கணம் வேறு யாது? அதனினும் வியப்பு, அக்கதையின் தலைவன் ஒரு சிறுவன் என்பது. அரியணைக்கு உரியார் இல்லாது போக, காஞ்சியிலிருந்து சென்றோர் இரணியவர்மனை அணுகி அவன் மக்களுள் ஒருவரை வேண்டினர். மூத்தோர் மூவரும் மறுத்தனர். இளையோனாகிய பன்னிரண்டு அகவைப் பையன் யான் போவேன் என்றான். மலையும் ஆறும் காடும் கடந்து அவன் வந்த வழியைக் கல்வெட்டு கூறுகின்றது. யானைகளும் குதிரைகளும் சிற்பத்தில் உடன்வருகின்றன. பன்னிரண்டு அகவைச் சிறுவன் யானைகள் புடைசூழ அறியாத நாட்டுக்கு அரசனாகச் செல்லும் கதையை இன்று ஒரு பதிப்பாளரிடம் கொடுத்தால் மறுப்பாரோ?

அதே எட்டாம் நூற்றாண்டில், மேற்கே பாசுரா நகரில் இப்னுல் முகஃபா என்பார் பஞ்சதந்திரத்தைப் பாரசீக வழிநின்று அரபியில் பெயர்த்தார் என்பதை ஒப்புநோக்குக. கரடகனும் தமனகனும் ஆண்டுக் கலீலா, திம்னா ஆயினர். அவர் தம் முன்னுரையில் விலங்குகளைப் பேச வைத்தது இளையோர் மனத்தை ஈர்ப்பதற்கு என்றும், விலங்குகளின் உருவங்களைப் பல வண்ணங்களில் காட்டுவது அரசர் உள்ளத்தை மகிழ்விப்பதற்கு என்றும் கருத்துப்பட எழுதியுள்ளார். படத்தோடு கூடிய அந்நூற் சுவடிகளுள் பழையதாகக் கருதப்படுவது 1220ஆம் ஆண்டளவில் எழுதப்பெற்றுப் பாரிசு நூலகத்தில் உள்ளது. ஆகவே, இளையோர்க்காக விலங்கினைப் பேசவைத்துப் படமும் தீட்டும் கருத்து ஐரோப்பாவுக்கும் பிறர் தந்த கடனே. நம் நாட்டுக் கதை பாரசீகத்தும் அரபுநாட்டும் சுற்றி, ஐரோப்பாவில் படம் பூண்டு, கப்பலேறித் திரும்பி வந்தபோது நாம் அதனை விருந்தினன் என எண்ணி வரவேற்றோம் போலும்.

காஞ்சியின் புறத்தே திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயிலின் சங்கீத மண்டபம் இருகப்பன் என்னும் விசயநகர அமைச்சனால் 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் எடுக்கப்பட்டது. அதன் விதானத்தில் பிற்காலத்தே தீட்டிய ஓவியங்கள், தீர்த்தங்கரர் வரலாறுகளைப் பட்டை பட்டையாகப் பகுத்து விளக்கவரிகளோடு காட்டுகின்றன. டி. என். இராமச்சந்திரன் அவர்கள் 1934இல் சென்னை அருங்காட்சியக வெளியீடாக எழுதிய நூலில் இவற்றை விரித்துரைத்துள்ளார். விலங்குக் கதையைத் தமிழில் அருமையாகப் போற்றியவர் சமணரே என்பது நரிவிருத்தம் பாடிய திருத்தக்கதேவரை எண்ணினார்க்கு விளங்கும். ஓடும் நரியொன்றைக் காட்டி ஆசிரியர் பாடுக எனப் பணித்தார் என்பது செவிவழிச் செய்தி.

கயிலாசநாதர் கோயிலின் பாயும் அரிமாக்களையும், அதன் அடித்தளத்துக் குறும்பு செய்யும் பூதகணங்களையும், வரதராசர் கோயில் நூற்றுக்கால் மண்டபத்துக் குதிரைகளையும் விரிப்பின் இக்கட்டுரை நீளும். ஆயினும் அவ்வரதராசர் கோயிலில் பொன்வெள்ளிப் பல்லிகளைத் தொட்டு வணங்குதற்குத் தந்தையர் தம் மக்களைத் தோள்மேல் தூக்கிப் பிடிக்கும் காட்சியைச் சொல்லாமல் விடுதற்கு மனமில்லை. சிறுவர் கை எட்டும்படி ஒரு விலங்குருவத்தை அவர்க்குக் காட்டும் வழக்கம் காஞ்சியில் இவ்வாறும் நிலவுகின்றது. விழாக்காலத்து வீதியில் வரும் அன்னமும் யாளியும் யானையும் குதிரையும், பொம்மைக்காரத் தெருவில் கொலுவுக்கென வண்ணம் பூசி உலர வைக்கும் களிமண் உருவங்களும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கவை.

எம் ஆராய்ச்சிக்கு இவற்றினும் செழுமையான இடம் தறியே. காஞ்சியில் நெசவு பழந்தொழில். உத்தமசோழனின் செப்பேடு, பத்தாம் நூற்றாண்டின் இறுதியில், காஞ்சியிலிருந்த நான்கு சேரிகளைச் சேர்ந்த பட்டசாலியர் என்னும் நெசவாளரிடம் ஊரகத்துத் திருமால் கோயிலின் கணக்கும் காரியமும் ஒப்படைக்கப்பட்டதைக் கூறுகின்றது. கோயிலும் தறியும் ஒரே கையில் இருந்தன என்பது இதனாற் பெறப்படும். தூணில் கண்ட யாளி கரையில் ஏறியதற்கும், விழாவில் கண்ட அன்னம் முந்தியில் அமர்ந்ததற்கும் இதனினும் வேறு காரணம் தேட வேண்டுவதில்லை.

காஞ்சிப் பட்டின் கோலங்களுள் வனசிங்காரம் என ஒன்று உண்டு. கொடியும் மரமும் நிறைந்த காட்டில் யானையும் மானும் மயிலும் அரிமாவும், சில புடவைகளில் குதிரைமேல் வேட்டைக்காரனும், நிரல்பட வரும். பார்வைக்கு அது காடு. ஆயினும் அக்காட்டில் ஒன்றையொன்று கொல்வதில்லை. அன்றியும் யானையும் மயிலும் அங்கே ஒரே உயரம். சில கரைகளில் கிளி மானினும் பெரிது. இதனை நெய்தவர் அறியாமையெனக் கொள்ளுதல் பிழை. கரையின் அகலம் எவ்வளவோ அவ்வளவே ஒவ்வொரு விலங்குக்கும் கிடைக்கும் இடம். யானை குனிந்தும் மயில் நிமிர்ந்தும் அவ்விடத்தை நிரப்பவேண்டும். சிறுவர் தாளில் படம் எழுதுங்கால் வீட்டினும் பூனையைப் பெரிதாக எழுதுவதும் இடத்தை நிரப்பும் இவ்வியல்பினாலேயே. வனசிங்காரத்தைக் கண்டவுடன் முதியோர் முகத்திலும் முறுவல் தோன்றுவதன் காரணம் இதுவே எனக் கருதுகின்றோம்.

தறி விலங்கினை எவ்வாறு எழுதுகின்றது என்பதை இலக்கிய மாணவர் பலர் கண்டிரார். ஆதலின் சிறிது விரிப்போம். பாவு நூல்களுள் எவற்றை எப்போது தூக்கவேண்டும் என்பதைப் பொறுத்தே கோலம் அமையும். ஜக்கார்டுப் பொறியும் அதன் துளையிட்ட அட்டைகளும் வருமுன், காஞ்சியில் அடை என்னும் கயிற்றுக்கோவை அத்தொழிலைச் செய்தது. கோலத்தின் ஒவ்வொரு வரிக்கும் உரிய கயிறுகளை முன்னரே கட்டிவைத்து, நெய்வோன் ஊடை செலுத்தும்போதெல்லாம் துணைவன் ஒருவன் உரிய கயிற்றை இழுத்துத் தருவான். கோலத்தை முதலில் கட்டம் போட்ட தாளில் எழுதுவர். ஒரு கட்டம் நிரம்பினால் அவ்விடத்தில் சரிகை மேலே தோன்றும். வளைகோடு என்பது தறிக்கு இல்லை. படிப்படியாக ஏறி இறங்கும் கோடே உண்டு. ஆகவே யானையின் முதுகு படிக்கட்டாகும். மயிலின் கழுத்து முடிச்சிட்ட கயிறு போலாகும். மானின் கண் ஒரே ஒரு புள்ளியாய் நின்று நம்மை விழிக்கும்.

கயிற்றின் சிக்கனம் வேறொரு விளைவையும் தந்தது. ஒரு பாதிக் கோலத்தையே திருப்பியும் நெய்யலாம் ஆதலின், விலங்குகள் இரண்டிரண்டாக முகமெதிர் நிற்கும். முகமெதிர் நிற்கும் இரு பறவைகளை நெருக்கி உடல்களை ஒன்றாக்கின் இருதலைப்பட்சி பிறந்துவிடும். அது தறியிலேயே தோன்றியது என்று யாம் துணியவில்லை. அச்சுதராயர் (1529–1542) பொற்காசுகளில் அக்கண்டபேரண்டம் பொறிக்கப்பட்டிருத்தலின் அரச இலச்சினையாக அது பெருவழக்குப் பெற்றிருந்தது. ஆனால் காசிலிருந்து மறைந்த பறவை கரையில் நிலைத்து வாழ்வதற்குத் தறியின் இயல்பே துணைநின்றது என்பது எம் கருத்து. சங்கச் செய்யுட்களில் யானைக் கோட்டைப் பிடுங்கும் ஆளி, சரிகையில் வரும்போது சிரிக்கும் நாய்க்குட்டி போலாகிவிட்டதற்கும் அதுவே காரணம். அச்சத்தை நெய்வதற்கு அத்தனை கட்டங்கள் போதா.

1936இல் தோன்றிய கலாக்ஷேத்திரம் தன் நெசவுப்பகுதி வாயிலாகப் பழைய கோயிற்கோலங்களை மீட்டெடுத்ததும், 1956 முதல் அரசினர் நிறுவிய நெசவாளர் சேவை மையங்களில் ஓவியர்கள் பணியமர்ந்ததும் இவ்வரலாற்றின் பிற்பகுதி. அம்மையங்களில் பல்லாண்டு உழைத்த ஆதிமூலம் (1938–2008) தமிழ் இதழ்களுக்கும் நூல்களுக்கும் கோட்டோவியம் வரைந்து புகழ்பெற்றவர். தறிக்கு வரைந்த கையே ஏட்டுக்கும் வரைந்தது என்பதற்கு அவர் ஒருவரே போதிய சான்று.

அச்சேட்டின் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து பெயர்த்த பஞ்சதந்திரம் 1826இல் சென்னைக் கல்விச்சங்கத்தார்க்காக அச்சாயிற்று. அது மாணவர்க்கு உரைநடை பயிற்றும் நூல். அதில் விலங்குகள் பேசின, முகம் காட்டவில்லை. 1850இல் அலெக்சாந்தர் அண்டர் சென்னையில் நிறுவிய கலைப்பள்ளி மரச்செதுக்குக் கலையைக் கற்பித்தது. கிறித்தவ சங்கங்களின் பள்ளி நூல்களில் படங்கள் மிகுதியாக இடம்பெறத் தொடங்கின; இங்கிலாந்திலிருந்து வந்த அச்சுக்கட்டைகளும் அவற்றுள் பயன்பட்டமையால், பாடம் ஒன்றாகவும் படத்திலுள்ள ஆடும் நாயும் வேற்றுநாட்டு இனமாகவும் இருக்கக் காணலாம். அரிச்சுவடிப் படங்களின் வரிசை இக்கலப்பிலிருந்து மெல்லத் தெளிந்து எழுந்தது. அகரத்துக்கு அணில், ஆகாரத்துக்கு ஆடு, ஈகாரத்துக்கு ஈ, எகரத்துக்கு எலி, ஒகரத்துக்கு ஒட்டகம் என நம் மக்கள் இன்றளவும் கற்கின்றனர். காஞ்சித் தெருவில் காணவியலாத ஒட்டகம் இடையே எப்படி வந்தது என வினவுவார்க்கு, அச்சொல் தொல்காப்பிய மரபியலிலேயே உண்டு என்பதை நினைவூட்டுவோம். விலங்கின் இளமைக்கு மட்டும் பறழ், குருளை, மறி, கன்று எனப் பல பெயர் வகுத்த மொழி இது. ஆயினும் அரிச்சுவடி எழுதினோர் அவற்றுள் பலவற்றைத் தொடவேயில்லை என்பது எம் குறை.

1947 சூலையில் நாகிரெட்டியாரும் சக்கரபாணியும் சென்னையில் தொடங்கிய அம்புலிமாமாவோடு காட்சி மாறுகின்றது. தெலுங்கில் சந்தமாமா என வந்த அதே இதழ் அது. சித்ரா என்னும் பெயரில் வரைந்த டி. வி. இராகவனும், ஐம்பதுகளின் தொடக்கத்தில் சேர்ந்து அறுபதாண்டு வரைந்த சங்கர் என்னும் கே. சி. சிவசங்கரனும் தமிழ்ச் சிறுவர்க்கு விலங்குகளின் முகத்தை வகுத்தனர். சங்கர் 2020இல் தம் தொண்ணூற்றேழாம் அகவையில் மறைந்தார். இதழ் அதற்கு முன்னரே, 2013 அளவில், நின்றுபோயிற்று. அவ்விதழின் பழைய தொகுதிகளைப் புரட்டுவார் ஒன்றை உணர்வர். அங்கே நரியும் குரங்கும் அரிமாவும் பெரும்பாலும் ஆடையணிவதில்லை. நரி நரியாகவே உட்கார்ந்து கழுத்தைச் சாய்க்கின்றது. அச்சாய்வில் அதன் சூழ்ச்சி முழுதும் வெளிப்படுகின்றது. பாட்டர் அம்மையாரின் வழி இதுவன்று. மாமல்லைப் பூனையின் வழி இது. அவ்வோவியர்கள் அப்பாறையைப் பார்த்து வரைந்தனர் என நிறுவ யாம் முயலவில்லை. கோயிற்சிற்பம் கண்டு வளர்ந்த கண்ணுக்கு நிலையே மெய்ப்பாடு என்னும் பயிற்சி இயல்பாக அமைந்திருக்கும் என்ற அளவில் நிற்கின்றோம்.

அழ. வள்ளியப்பா 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்ற உழைத்ததும், 1957இல் சங்கர் பிள்ளை தில்லியில் நிறுவிய குழந்தைகள் புத்தக அறக்கட்டளையும், அதே ஆண்டின் தேசியப் புத்தக நிறுவனமும் தமிழ்ப் படநூல்களுக்கு வழி வகுத்தன. மாசுகோவிலிருந்து தமிழிலேயே அச்சாகி வந்த முன்னேற்றப் பதிப்பக, ராதுகா நூல்களை நியூ செஞ்சுரி நிறுவனத்தார் எளிய விலைக்கு ஊர்தோறும் விற்றனர். உருசிய நாட்டுக் கரடியும் நரியும் காஞ்சிச் சிறுவர்க்குத் தமிழ் பேசின. 1991இல் சோவியத்து ஒன்றியம் கலைந்ததும் அவ்வரவு நின்றது. தொண்ணூறுகளில் சென்னையில் தொடங்கிய தாரா, தூலிகா ஆகிய பதிப்பகங்கள் நாட்டார் ஓவியரையும் புத்தோவியரையும் படநூலுக்கு அழைத்து வந்தன.

இதுகாறும் கூறியவை கலையைப் பற்றியன. இனிச் சொல்லவேண்டுவது அக்கலையின் நிழலைப் பற்றியது; இதனை விடுத்துக் காஞ்சியின் விலங்குருவங்களை எழுதுதல் நேர்மையாகாது.

அடைக்கயிற்றை இழுத்த துணைவன் யார்? கோர்வைப் புடவையில் உடலும் கரையும் வேறு வேறு நிறமாதலின் மூன்று நாடாக்கள் ஓடவேண்டும். நெய்வோனுக்குத் துணையாக மறுபக்கம் அமர்ந்து நாடா தள்ளியவர் யார்? நெடுங்காலம் அவர் பெரும்பாலும் சிறுவரே. சிறுகை வேண்டிய வேலை, சிறுகூலியும் போதும் என்னும் கணக்கு அது. 1986ஆம் ஆண்டுச் சிறுவர் உழைப்புத் தடைச்சட்டம் நெசவையும் சாயமிடுதலையும் சிறுவர்க்கு விலக்கிய தொழில்களுள் சேர்த்தது. ஆயினும் குடும்பத்தாரோடு செய்யும் பட்டறைக்கு விலக்களித்தது. வீடே தறிக்கூடமாகிய காஞ்சியில் அவ்விலக்கின் வாயில் மிக அகன்றது. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்னும் பன்னாட்டு அமைப்பு 2003இல் வெளியிட்ட அறிக்கை, பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகக் காஞ்சித் தறிகளில் கட்டுண்டிருந்த சிறுவரின் நிலையைப் பதிவு செய்தது. 2016ஆம் ஆண்டுத் திருத்தம் பதினான்கு அகவைக்குட்பட்டோரை எத்தொழிலிலும் அமர்த்தலாகாது என்றாலும், பள்ளி நேரத்துக்குப் பின்னர்க் குடும்பத் தொழிலில் உதவுதலை அனுமதித்தது.

ஆகவே, சிறுவர்க்கு விலங்குப் படம் இருந்ததா என்னும் எம் முதல் வினா வேறு வடிவம் பெறுகின்றது. காஞ்சியில் அன்னத்தையும் யானையையும் நாள்தோறும் மிக அண்மையிற் கண்டவர் சிறுவரே. நூலுக்கு நூல், கயிற்றுக்குக் கயிறு, அவ்யானை அவர்தம் கையினாலேயே எழுந்தது. அவர்க்கு அது படமாக இருந்ததா, பணியாக இருந்ததா? யானையின் காலிலிருந்து தொடங்கி முதுகுவரை நாட்கணக்கில் கயிறிழுத்த சிறுவன், முழு யானையைக் கண்டு நகைத்திருப்பானோ? குழித்தறியில் துணி முன்னே சுருட்டப்படுந்தோறும் முடிந்த விலங்கு உருளையினுள் மறைந்துவிடும். நெய்வோர் கண்முன் எப்போதும் இருப்பது முடியாத விலங்கே. நூல் விற்கும் கடைவரை சென்று பார்த்த சிறுவனுக்கும், நூலிழுத்த சிறுவனுக்கும் இடையே உள்ள தொலைவு அதிகமில்லை. பல வேளைகளில் ஒரே தெரு. ஐம்பதுகளில் அம்புலிமாமா விலை கொடுத்து வாங்கப்பட்ட வீடும், அவ்வீட்டுப் பெண்ணின் திருமணத்துக்கு வனசிங்காரம் நெய்த வீடும் அடுத்தடுத்து இருந்திருக்கக் கூடும்.

படநூலின் வரலாற்றை எழுதுவோர் நூலை ஆக்கியோர், பதிப்பித்தோர், வாங்கியோர் என்னும் மூவரையே கணக்கில் கொள்கின்றனர். காஞ்சியை முன்வைத்து எழுதுவோர் நான்காமவரையும் சேர்க்க வேண்டும் என்பது எம் கோரிக்கை. பரமேச்சுர விண்ணகரத்துச் சுவரில் பன்னிரண்டு அகவைச் சிறுவனின் பயணம் கட்டம் கட்டமாக உள்ளது. தறியில் அமர்ந்த பன்னிரண்டு அகவைச் சிறுவனுக்கு எங்கும் ஒரு கட்டமேனும் இல்லை.

சான்றுகள் விரைந்து அழிவதும் ஒரு பெருங்கவலை. சிறுவர் நூலுக்குப் பகை சிறுவரே. மிக விரும்பப்பட்ட நூலே மிக விரைவில் கிழியும். எம் இளமையில் அம்புலிமாமாவிலிருந்து குரங்குப் படமொன்றைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டிய குற்றம் எம்மையும் சாரும். அவ்விதழைப் பின்னர்த் தேடி அலைந்த ஒறுப்பும் எம்மதே. பல்கலைக்கழக நூலகங்கள் சிறுவர் நூலை நூலெனக் கருதி வாங்கிய காலம் அரிது. கோட்டையூர் ரோஜா முத்தையா திரட்டிய நூல்கள் 1994 முதல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிலைபெற்றமையாலேயே பழைய இதழ்கள் பல நமக்குக் கிடைக்கின்றன. தறிப்பக்கம் அத்தகைய காவலும் போதிய அளவில் இல்லை. அடைக்கயிற்றுக் கோவைகள் ஜக்கார்டு வந்ததும் அவிழ்க்கப்பட்டன. ஜக்கார்டு அட்டைகளும் கட்டத்தாள்களும் கணிப்பொறி வந்ததும் எடைக்குப் போயின. பட்டுப்புடவையோ, சரிகைக்காக உருக்கப்படுகின்றது. ஒரு புடவையை உருக்கிய தட்டானின் உலைக்களத்தில் எத்தனை யானைகள் வெள்ளித் துளியாயின என்பதை யார் எண்ணினர்?

காஞ்சியில் கோலக்காரர் ஒருவர் தம் வீட்டுப் பெட்டியில் வைத்திருந்த பழைய கட்டத்தாள் சிலவற்றை எமக்குக் காட்டினார். ஓரங்கள் மக்கிப் பழுப்பேறியவை. ஒரு தாளில் பாதி யானை மட்டும் இருந்தது. மறுபாதியைத் தறி திருப்பிக்கொள்ளும் என்றார். அதன் விளிம்பில், கோலத்துக்குத் தொடர்பின்றிச் சிவப்புப் பென்சிலால் வேறொரு கை எழுதிய பூனை ஒன்று இருந்தது. கட்டங்களைப் பொருட்படுத்தாமல் வளைந்து வளைந்து செல்லும் கோட்டால் அமைந்த, வாலும் மீசையும் மிக நீண்ட பூனை. இது யார் எழுதியது என்று வினவினோம். அவர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அந்நாளில் கயிறிழுக்க வந்த பையன்களுள் ஒருவன் எழுதியிருப்பான் என்று கூறி, அதனை மடித்துப் பெட்டிக்குள் வைத்தார்.